பனாட்டுப் பாயின் வரலாறு

யாழ்ப்பாணத்துப் பனையைக் கற்பகதரு என்று புகழ்வது எம்மவர் வழக்கம். புகழ்வோர் பலர் மர நிழலில் நின்று புகழ்ந்தவர்கள். பழத்தைப் பிசைந்தவர்கள் அல்லர்.

ஒல்லாந்தர் காலத்திற் பனைமரத் துண்டங்கள் கப்பலேறின. வாணிபப் பொருளானமையால் அவை கணக்கேட்டில் இடம்பெற்றன. பழமோ பெரும்பாலும் வீட்டு முற்றத்திலேயே தங்கிற்று. அதன் வரலாற்றை அம்முற்றத்திலேதான் தேடவேண்டும்.

ஆடி, ஆவணி மாதங்களிற் பழம் விழும். விடியுமுன் சிறுவர்கள் ஓலைக் கடகத்துடன் வளவுக்கு ஓடுவர். தாயும் பெண் மக்களும் தோலுரித்து, சிறிது நீர் விட்டுப் பிசைந்து, தும்பிலிருந்து களியைப் பிழிந்தெடுப்பர். பரணில் விரித்த ஓலைப்பாயில் அக்களியை மெல்லிய படையாக ஊற்றுவர். தடித்து ஊற்றினால் உள்ளே புளித்துவிடும். ஒரு படை காய்ந்தபின் அதன்மேல் அடுத்த படை. இவ்வாறு நாட்கணக்காக வேலை தொடரும். வடகீழ்ப் பருவமழை இறங்குமுன் முடித்தாக வேண்டுமாதலால், அந்நாட்களில் ஓய்வென்பதே இல்லை. காய்ந்த பனாட்டை உரித்து மடித்து, அடுப்புக்கு மேலே புகைபடும் இடத்திற் சேமிப்பர். வசதியுள்ள வீடுகளில் ஒரு பகுதியைத் துண்டுகளாக்கி, பனம்பாணியில் மிளகு முதலியவற்றோடு ஊறவைத்துப் பாணிப்பனாட்டு ஆக்குவர். எஞ்சிய கொட்டைகளும் வீணாவதில்லை. அவை பாத்தியிற் புதைந்து கிழங்காகும்.

1850இல் வில்லியம் பெர்குசன் பனையைப் பற்றித் தனி நூலொன்றையே கொழும்பில் வெளியிட்டார். குடாநாட்டு வறியோர் ஆண்டிற் பல மாதங்கள் பனாட்டை நம்பி வாழ்ந்தமையை அந்நூற்றாண்டின் ஆங்கில நூல்கள் குறிக்கின்றன. இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். ஒரு வீட்டில் இனிப்புப் பண்டமாயிருந்தது, அடுத்த வீட்டிற் பசிக்கு உணவாயிருந்தது. காணியும் மரமும் ஒருவருக்குரியன. மரமேறியவரோ சாதியின் பெயரால் அதே வளவின் வேலிக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர். கற்பகதரு எல்லோருக்கும் ஒரேயளவாக வழங்கவில்லை.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது. அரிசிச் சோற்றையே கௌரவமெனக் கருதியோரும் ஒடியலையும் பனாட்டையும் மீண்டும் நாடவேண்டியதாயிற்று. 1990களின் பொருளாதாரத் தடையின்போதும் சீனி கிட்டாத வீடுகளிற் பனையின் இனிப்பே கைகொடுத்தது. முதியவள் ஒருத்தி இருந்த வீட்டில் அச்செய்முறையைப் பிறரிடம் கேட்கவேண்டி இருக்கவில்லை.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. பனாட்டு இன்று பொதியிலும் விற்பனையாகின்றது. இதனைக் குறைகூற எமக்கு விருப்பமில்லை. பிழிந்த கைக்குக் கூலி எவ்வளவு என்பதையே கேட்கின்றோம். போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. பனை காய்க்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை செல்லும். 2009இன் பின்னர் நட்ட விதைகளிற் பல இப்போதுதான் அப்பருவத்தை எட்டுகின்றன.