பருப்பெடுத்த கைகள்

1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தை அமெரிக்க வரலாறு பெரும்பாலும் வேலையிழந்த ஆடவரின் துயரமாகவே எழுதி வைத்துள்ளது. இலவச உணவுக்குக் காத்து நின்ற வரிசைகளில் பெண்கள் மிகுதியாகக் காணப்படவில்லை. அவ்வாறாயின் பசித்த பெண்கள் எங்குச் சென்றனர் என்னும் வினாவை எழுத்தாளர் மெரிடெல் லெ சூர் 1932-இலேயே எழுப்பினார். அதற்கான விடைகளுள் ஒன்று டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் உள்ளது.

அக்ரூட் இனத்தைச் சேர்ந்த பெக்கான் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிலில் அந்நகரில் ஏறத்தாழ 12,000 பேர் ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள். இயந்திரத்தினும் மனிதக் கை மலிவு எனக் கண்ட முதலாளிகள் இயந்திரங்களை ஒதுக்கிவிட்டிருந்தனர். வாரம் முழுதும் உழைத்தாலும் கிடைத்த கூலி 2 அல்லது 3 டாலர். காற்றோட்டமற்ற கொட்டகைகளில் நுண்ணிய தூசி நிறைந்திருந்தது. காசநோயால் அந்நகரில் நேர்ந்த மரணங்கள் நாட்டின் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேலாகும்.

ஒரு ராத்தல் பருப்புக்கு 6 அல்லது 7 சென்ட்டாக இருந்த கூலியில் ஒரு சென்ட் குறைக்கப்பட்டபோது பொறுமை முறிந்தது. 1938 ஜனவரி 31 அன்று ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியேறினர். 21 வயதே நிரம்பிய எம்மா டெனாயூகா என்னும் பெண்ணைத் தங்கள் தலைவியாகத் தேர்ந்தனர். கண்ணீர்ப்புகைக்கும் கைதுக்கும் அவர்கள் அஞ்சவில்லை. சிறை சென்றோர் 700-க்கும் மேற்பட்டோர். இறுதியில் நடுவர் தீர்ப்பின் வாயிலாகக் கூலி உயர்ந்தது.

ஆயினும் அவ்வெற்றி நீடிக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நியாயத் தொழில் தரச் சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்ச ஊதியமாக விதித்தது. ஒதுக்கப்பட்டிருந்த இயந்திரங்கள் உடனே திரும்பி வந்தன. அடுத்த மூன்றாண்டுகளுக்குள் 10,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். கல்வியும் வேறு தொழிற்பயிற்சியும் மறுக்கப்பட்ட பெண்களுக்கு எஞ்சியிருந்தவை பெரும்பாலும் வயல் வேலையும் பிறர் வீட்டு வேலையுமே. அவ்விரண்டையும் அச்சட்டம் தன் வரம்பிற்குள் சேர்க்கவே இல்லை!

ஊதியத்தை உயர்த்தியது சட்டத்தின் குற்றமன்று. உயர்த்திய பின் அப்பெண்களை மறந்ததே குற்றம். மலிவாக இருந்தவரை மட்டுமே அக்கைகள் வேண்டப்பட்டன. மந்தக் காலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் உணவு வரிசைகளை மட்டும் நோக்குதல் போதாது. அவ்வரிசைகளில் காணப்படாதோர் எங்கு உழைத்தனர், என்ன கூலி பெற்றனர் என்பதையும் வினவுதல் வேண்டும்.