கொண்டாபூருக்கு இரண்டாம் முறை

ஐதராபாத்தில் கொண்டாபூர் எங்கே என்று கேட்டால், ஹைடெக் சிட்டிக்கு அடுத்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதிக்கே பெரும்பாலோர் வழிகாட்டுவர். சாதவாகனர் காலத்து நகரம் ஒன்று புதைந்துகிடக்கும் கொண்டாபூர் அதுவன்று. அது சங்காரெட்டி மாவட்டத்தில், மாநகரின் மேற்கு விளிம்பான ராமச்சந்திராபுரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. திருச்சி ஆலையைப் போலவே செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் 1960-களில் எழுந்த பி.எச்.இ.எல். ஆலையால் அறியப்படும் ஊர் ராமச்சந்திராபுரம். அங்கே மும்பை நெடுஞ்சாலையில் நின்றால் சங்காரெட்டி செல்லும் அரசுப் பேருந்து கிடைக்கும். பட்டான்செருவின் தொழிற்பேட்டையும் இக்ரிசாட் ஆய்வு வயல்களும் கந்தியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் வழியில் கடந்துபோகும். சங்காரெட்டியில் இறங்கி ஊர்ப் பேருந்துக்குக் காத்திருக்கலாம். பொறுமையில்லாதவர்க்கு ஷேர் ஆட்டோ உண்டு. தொல்லியல் துறையின் தள அருங்காட்சியகங்கள் பொதுவாக வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை மட்டும் புறப்படுமுன் நினைவில் கொள்ளவேண்டும்.

முதல்முறை வருபவர் பெரும்பாலும் ஏமாற்றத்துடனேயே திரும்புகிறார். ஹம்பியின் கல்மண்டபங்களையோ வாரங்கல்லின் தோரணவாயில்களையோ மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு இங்கே காணக் கிடைப்பது வயல்களுக்கு நடுவே ஒரு மண்மேடு. தெலுங்கில் ‘கோட்டை மேடு’ என்று பொருள்படும் பெயரால் ஊரார் அதை அழைக்கின்றனர். செங்கல் அடித்தளங்கள், புல், காலில் இடறும் பானையோடுகள். அருங்காட்சியகத்தில் சுடுமண் பாவைகளையும் மணிகளையும் நாணயங்களையும் ஒரு மணிநேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். இதற்காகவா இத்தனை தூரம் என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

முதல் வருகை ஏமாற்றுவது இம்மேட்டுக்கு மட்டும் உரிய குணமன்று. மாயர்களின் இடிபாடுகளை ஆங்கிலம் படிக்கும் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸும் ஓவியர் ஃபிரெடரிக் கேதர்வுட்டும் 1839-இல் நடு அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். கோபான் நகரின் இடிபாடுகளை ஸ்டீபன்ஸ் 50 டாலருக்கு விலைபேசி வாங்கிய கதை பலரும் அறிந்தது. அவ்வளவாகப் பேசப்படாதது உஷ்மாலில் நிகழ்ந்தது. 1840-இல் அங்கே சென்றபோது கேதர்வுட் காய்ச்சலில் விழுந்தார். வேலை பாதியில் நின்றது. மறு ஆண்டே இருவரும் டாகெரோடைப் ஒளிப்படக் கருவியுடன் திரும்பிவந்தனர். அந்த இரண்டாம் பயணத்தில் 44 இடிபாட்டு நகரங்களைக் கண்டதாக ஸ்டீபன்ஸ் 1843-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். ஆயினும் கற்களில் இருந்த எழுத்துகளில் ஒன்றையும் அவரால் படிக்க இயலவில்லை. யூரி குனோரசோவ் 1952-இல் அவ்வெழுத்துகளின் ஒலிப்பண்பைச் சுட்டிக்காட்டிய பின்னரே வாசிப்புக்கு வழி திறந்தது. தத்தியானா புரோஸ்கூரியாகோஃப் 1930-களில் வரைபடக் கலைஞராகப் பியெத்ராஸ் நெக்ராஸில் பணியாற்றியவர். 1960-இல் அதே தளத்தின் கல்வெட்டுத் தேதிகளை மீண்டும் எடுத்து அடுக்கி, அவை கோள்களைப் பற்றியவையல்ல, அரசர்களின் பிறப்பையும் முடிசூடலையும் பற்றியவை என்று காட்டினார். வானத்தை மட்டுமே நோக்கி வாழ்ந்த அமைதியான பூசாரிகளின் சமூகம் என்று அதுவரை சொல்லப்பட்ட கதை அத்துடன் ஆட்டங்கண்டது. கற்கள் அனைத்தும் முன்பே அறியப்பட்டவை. அவற்றிடம் அவர் கேட்ட கேள்விதான் புதிது.

கொண்டாபூருக்கும் அப்படி ஒரு மறுவாசிப்பு தேவைப்படுகிறது. ஸ்டீபன்ஸின் இரண்டாம் பயணத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1940-களின் தொடக்கத்தில், நிஜாம் அரசின் தொல்லியல் துறை இம்மேட்டை அகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹென்றி கௌசென்ஸ் இவ்விடத்தைக் கவனித்திருந்தார். 1914-இல் துறை உருவானதுமுதல் அதன் தலைவராக இருந்தவரும் அஜந்தா ஓவியத் தொகுதிகளால் புகழ்பெற்றவருமான குலாம் யஸ்தானியின் காலத்தில் அகழாய்வு தொடங்கிற்று. களப்பணியில் குவாஜா முகம்மது அகமது முதன்மையானவர். பௌத்தக் கட்டட எச்சங்கள், குடியிருப்புகள், பெரிய சேமிப்புத் தாழிகள், நுணுக்கமான கூந்தல் ஒப்பனையுடன் வெண்களிமண்ணில் செய்யப்பட்ட பாவைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள் ஆகியன வெளிப்பட்டன. நாணயங்களுள் முத்திரைக் காசுகளும் சாதவாகனரின் ஈயக் காசுகளும் உரோமப் பேரரசர் அகஸ்டஸின் பொற்காசு ஒன்றும் அடங்கும். மணிகளைப் பற்றி எம்.ஜி. தீட்சித் எழுதிய தனிநூல் 1952-இல் வெளிவந்தது.

யஸ்தானி 1941-இல் பண்டார்கர் ஆய்வு நிறுவன இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதை ‘ஓர் ஆந்திர நகரம்’ என்றார், காலம் கி.மு. 200 முதல் கி.பி. 200 வரை என்றும் குறித்தார். அன்று அது எவரையும் உறுத்தாத பெயர். இம்மரபை ஆந்திரர் என்று அழைப்பவை புராணங்கள். நாணேகாட், நாசிக் கல்வெட்டுகளிலோ அவர்கள் சாதவாகனர் என்றே தோன்றுகின்றனர். புராணச் சொல்லை நிலப்பகுதியின் பெயராகக் கொள்வதா, இனப்பெயராகக் கொள்வதா என்பது அக்காலத்திலேயே வரலாற்றறிஞர்கள் பிணங்கிய செய்தி. மராட்டிய மேட்டுநிலமே இவர்களின் தொட்டில் என்றோர் அணியினர் வாதிட்டனர். கரீம்நகர்ப் பகுதியின் கோட்டிலிங்காலாவில் கிடைத்த சிமுகன் நாணயங்களைக் கல்வெட்டறிஞர் பி.வி. பரப்பிரம்ம சாஸ்திரி எடுத்துக்காட்டிய பின்பு தெலங்கானாத் தரப்பு வலுப்பெற்றது. 2014-இல் மாநிலம் பிரிந்தபின், அதே 1941-ஆம் ஆண்டுத் தலைப்பு வேறு ஒலியுடன் ஒலிக்கிறது. ஆய்வுச் சொற்களுக்கு அகழாய்வுக் குழியைக் காட்டிலும் விரைவாக அடுக்குகள் சேர்ந்துவிடுகின்றன.

இன்னொரு கூற்றும் வழிகாட்டிப் பலகைகளிலிருந்து பட்டமேற்பு ஆய்வேடுகள் வரை ஆய்வின்றித் திரும்பத்திரும்ப வருகிறது: ஆந்திரரின் 30 மதில்சூழ் நகரங்களுள் கொண்டாபூரும் ஒன்று என்பது. இதற்கு மூலம் பிளினி. மெகஸ்தனிசின் செய்தியை வழிமொழிந்தே அவர் எழுதியிருக்கவேண்டும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஒரு லட்சம் காலாட்படை, 2,000 குதிரை, 1,000 யானை என்று படைக்கணக்கைத் தரும் பிளினி, அந்த 30 நகரங்களில் ஒன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே கொண்டாபூர் அவற்றுள் ஒன்று என்பது கருதுகோளே, சான்றாகாது. தவிர, மெகஸ்தனிசு வாழ்ந்தது மௌரியர் காலம். யஸ்தானி இந்நகருக்குக் கொடுத்த காலமோ கி.மு. 200-இல்தான் தொடங்குகிறது. இவ்விடைவெளியைப் பேசாமல் அப்பட்டியலில் இதைச் சேர்ப்பது எளிய வழி.

நாணயச்சாலை பற்றிய செய்தி இதைவிடச் சுவையானது. இங்கே நாணயம் வார்க்கும் களிமண் அச்சுகள் கிடைத்தன. அச்சு இருக்கிறது, காசு குவிந்திருக்கிறது, எனவே இது அரசு நாணயச்சாலை என்று முடிப்பது வழக்கம். ஆனால் முத்திரைக் காசு என்பது வெள்ளித் தகட்டை வெட்டி, எடை பார்த்து, சின்னங்களைத் தனித்தனியே அடித்துச் செய்யப்படுவது. அதை உருக்கி வார்க்க அச்சு எதற்கு? பழைய காசுகள் தேய்ந்து அரிதாகிய பின்னும் சந்தையில் அவற்றுக்கு மதிப்பிருந்ததால், உள்ளூர் அதிகாரமே வார்ப்பு முறையில் அவற்றைத் தொடர்ந்திருக்கலாம். வணிகக் குழுக்கள் செய்திருக்கலாம். கள்ளக் காசாகவும் இருக்கலாம். விடை அச்சில் மட்டும் இல்லை. அது மேட்டின் எப்பகுதியில், எந்த உலையருகே, எந்த அடுக்கில் கிடந்தது என்பதில் இருக்கிறது. மார்ட்டிமர் வீலர் 1944-இல் வந்து, மண்ணடுக்கு முறையை இந்திய அகழாய்வின் விதியாக்குவதற்குச் சற்று முன்பே கொண்டாபூர் தோண்டப்பட்டுவிட்டது. அரிக்கமேட்டை அவர் 1945-இல் அகழ்ந்த முறையோடு ஒப்பிடுவோருக்கு இழப்பின் அளவு புரியும். 2009-க்குப்பின் இந்தியத் தொல்லியல் துறை இங்கே மீண்டும் அகழாய்வில் இறங்கியதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

தமிழ்நாட்டு மாணவர்க்கு இம்மேடு அயலானதன்று. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவனின் வடதிசைப் பயணத்துக்குத் துணைநின்ற நூற்றுவர் கன்னரைச் சதகர்ணியராகக் கொள்ளும் கருத்து நெடுநாளாக உண்டு. சாதவாகனரின் வெள்ளி உருவக் காசுகளில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் திராவிட மொழியும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த மறுபுறம் தமிழா, தெலுங்கின் முன்வடிவமா என்பதில் வாதம் ஓயவில்லை. அகஸ்டஸின் காசையும் தமிழகத்துச் செய்திகளோடு வைத்தே பார்க்கவேண்டும். கொங்குப் பகுதியிலும் புதுக்கோட்டையிலும் உரோமக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவை சேமிப்பின் சான்று. கொண்டாபூரின் ஒற்றைப் பொற்காசு வணிகத்தின் அளவைச் சொல்லாது. ஒரு பொருள் எவ்வளவு தூரம் உள்நாட்டுக்குள் கைமாறி வந்தது என்பதை மட்டுமே சொல்லும்.

இத்தகைய கேள்விகளோடு செல்வதே இரண்டாம் பயணம். அதற்குச் செலவு குறைவாக இருக்கவேண்டும் என்பது சிறிய செய்தியன்று. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் ஆய்வு மாணவரால் வாடகைக் காரில் ஒருமுறை போகமுடியும், நான்குமுறை போகமுடியாது. மெக்சிகோவில் முதுகுப்பையோடு திரியும் மாணவர் ‘கொலெக்திவோ’ என்னும் பங்கு வேனில் பலென்கேயின் கோயில்களுக்குப் போவதும், சங்காரெட்டியில் ஷேர் ஆட்டோவுக்குள் நெருக்கியடித்து உட்காருவதும் ஒரே கணக்கைச் சேர்ந்தவை. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் வசிக்கும் பெண்களும் திருநங்கையரும் ‘பல்லெ வெலுகு’, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். அத்திட்டத்தைப் பற்றிய அரசியல் விவாதங்களில் தொல்லியல் களங்கள் இடம்பெறுவதில்லை. ஆயினும் கச்சிபௌலியிலுள்ள ஐதராபாத் பல்கலைக்கழகத்திலோ ராமச்சந்திராபுரத்து வாடகை அறையிலோ இருக்கும் ஒரு மாணவிக்கு, அடையாள அட்டையில் தெலங்கானா முகவரி இருந்தால், சங்காரெட்டி வரையிலான செலவு இன்று தேநீரும் மதிய உணவும் மட்டுமே. ஓர் ஆய்வுக் களத்துக்கு யார் திரும்பிச் செல்லமுடியும் என்பதை ஆய்வு நிதிக் குழுக்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை.

திரும்பிச் செல்லும் வாய்ப்பே இல்லாமற்போன இடங்களும் உண்டு. நாகார்ஜுனகொண்டாவில் 1954 முதல் 1960 வரை ஆர். சுப்பிரமணியம் தலைமையில் பள்ளத்தாக்கு முழுவதையும் அவசர அவசரமாக அகழ்ந்தனர். அதன்பின் அணைநீர் அதை மூடியது. பெயர்த்தெடுத்து மேலே அமைக்கப்பட்ட சில கட்டடங்களையும் தீவிலுள்ள அருங்காட்சியகத்தையும் இன்று படகில் சென்று காணலாம். ஆனால் ஒரு விகாரையிலிருந்து ஆற்றுத்துறை எவ்வளவு தொலைவு, நடந்தால் எவ்வளவு நேரம் என்பதைக் காலால் அளந்து பார்க்க முடியாது. பழைய அறிக்கையில் விடுபட்ட எதையும் இனி அந்த மண்ணிடம் கேட்க இயலாது.

கொண்டாபூர் இன்னும் நீருக்கு மேலே, வயலுக்கு நடுவே இருக்கிறது. மாநகரம் மட்டும் மும்பை நெடுஞ்சாலை வழியே அதை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் முறை செல்பவர் முதலில் பப்ளிக் கார்டன்ஸிலுள்ள மாநில அருங்காட்சியகத்தில் சாதவாகனக் காசுகளை ஒருநாள் பார்த்துவிடுவது நல்லது. யஸ்தானியின் கட்டுரையை ஒளிநகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். தொப்பியும் இரண்டு போத்தல் தண்ணீரும் இன்றியமையாதவை. பானையோட்டைப் பொறுக்கிப் பையில் போடுவது சட்டப்படி குற்றம். படம் எடுத்து, கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். பௌத்தக் கட்டட எச்சங்களிலிருந்து குடியிருப்புப் பகுதிவரை காலடிகளை எண்ணி நடந்து, உலையின் புகை எத்திசையில் போயிருக்கும் என்று மேற்குக் காற்றில் நின்று பார்த்தால், நாணயச்சாலையா கள்ள வார்ப்பா என்னும் கேள்வி அருங்காட்சியகப் பேழைக்குள் இருந்ததைவிடக் கூர்மையாகத் தெரியும்.