கீறல், கிறுக்கல், கலை

போன வருடம் கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தபோது, குடும்பத்தோடு சிரவணபெளகொள போயிருந்தோம். மைசூரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். பெரிய மலையில் கோமடேசுவரரைத் தரிசித்துவிட்டு, எதிரே இருக்கும் சின்ன மலையான சந்திரகிரிக்கும் ஏறினோம். மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையில், பத்து வயதுப் பேரன் ஒரு கூரான கல்லை எடுத்துப் பாறையில் தன் பெயரைக் கீறக் கையை ஓங்கிவிட்டான்.

"டேய், என்னடா பண்றே! போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவாங்க" என்று அதட்டினேன். கல்லைக் கீழே போட்டவன், பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் காத்திருந்த பழைய எழுத்துகளைக் காட்டினான். "அது யார் தாத்தா எழுதினது?"

"அந்தக் காலத்துல வந்தவங்க."

"அவங்க எழுதினா கண்ணாடி, நான் எழுதினா போலீஸா?"

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கல்வெட்டு வேறு, கீறல் வேறு. கோமடேசுவரரின் காலடியில் "ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்" என்று தமிழில் பொறித்திருப்பதை நம்மவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அதே செய்தி கன்னடத்திலும் மராட்டியிலும் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் சிலையைச் செய்வித்த கங்க அமைச்சரின் பெயர் அது. அதிகாரமும் பொருளும் உள்ளவர் தச்சனை வைத்துச் செதுக்கச் சொல்வது கல்வெட்டு. வந்து போகிறவன் தன் கையாலேயே எழுதிவிட்டுப் போவது கீறல். சந்திரகிரியில் அப்படிப்பட்ட யாத்ரீகர் பெயர்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று "கவிரத்ன" என்பது. சாமுண்டராயரின் ஆதரவு பெற்ற கன்னட மகாகவி ரன்னனின் கையெழுத்தே அது என்று கன்னட அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆக, வள்ளலின் பெயர் பெரிய மலையில் கல்வெட்டாகவும், கவிஞனின் பெயர் சின்ன மலையில் கீறலாகவும் நிற்கின்றன!

இந்தப் பழக்கத்துக்கு உலகம் வழங்கும் பெயர் 'கிராஃபிட்டி'. இத்தாலிய மொழியில் கீறுவது என்ற பொருளிலிருந்து வந்த சொல். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரைத் தோண்டியபோது, சுவர்களில் ஆயிரக்கணக்கான கிறுக்கல்கள் கிடைத்தன. காதல், வசவு, தேர்தல், கடன் கணக்கு என்று எல்லாம் இருந்தன. ராஜாக்களின் சாசனங்கள் சொல்லாத அன்றாட வாழ்க்கை அங்கே தெரிந்ததால், 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் இதற்கென்று தனிப்பெயர் கொடுத்துப் படிக்கத் தொடங்கினார்கள்.

நம் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டிருக்கின்றன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமிலும் 'கண்ணன்', 'சாதன்' என்ற பெயர்கள் எழுதிய ஓடுகள் கிடைத்துள்ளன. எகிப்தில் அரசர் பள்ளத்தாக்கு என்று சொல்லப்படும் இடத்தில், பழைய மன்னர்களின் கல்லறைச் சுவர்களிலும் தமிழ் உண்டு என்பது 2026 பிப்ரவரியில் வெளியான செய்தி. ஷார்லட் ஷ்மித், இங்கோ ஷ்ட்ராவுக் என்ற இரு அறிஞர்கள் அங்கே ஏறக்குறைய 30 இந்திய எழுத்துப் பொறிப்புகளைப் படித்திருக்கிறார்கள். கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவற்றில் பெரும்பாலானவை தமிழ்ப் பிராமியில் உள்ளன. 'சிகை கொற்றன்' என்ற ஒருவன் மட்டும் 5 கல்லறைகளில் 8 இடங்களில் தன் பெயரை எழுதியிருக்கிறான்!

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்குக் கொற்றன் ஒரு முன்னோடி அல்லவா? ஆனால் பெருமைப்படுகிற அதே வாயால் உண்மையையும் சொல்ல வேண்டும். அவன் எழுதியது அடுத்தவர் கல்லறையில். எழுதியது வெறும் பெயர், 'வந்தேன், பார்த்தேன்' என்ற அளவில். வரலாற்றுக்கு அது பொக்கிஷம். கலையா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒரு கிறுக்கலைக் காலம் ஆவணமாக்கும், கலையாக்காது.

அப்படியானால் கலை எது? இலங்கையில் சிகிரியா மலைக்குப் போவோம். 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய அந்தக் கோட்டையின் பளபளப்பான சுவரைக் கண்ணாடிச் சுவர் என்பார்கள். அங்குள்ள பெண் ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் பின்னாளில் சுவரில் சிங்களக் கவிதைகளைக் கீறி வைத்தார்கள். 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான 685 பாடல்களைப் பேராசிரியர் பரணவிதான படித்து 1956இல் பதிப்பித்தார். எழுதியவர்களில் துறவிகளும் உண்டு, பெண்களும் உண்டு. அவர்கள் பெயரோடு நிற்கவில்லை. ஓவியத்தைப் பார்த்துத் தங்கள் மனசில் பட்டதைப் பதிலாகச் சொன்னார்கள். அதனால்தான் அது இலக்கியம்.

அதே சுவரில் 2015இல் தன் பெயரைக் கீறிய ஓர் இளம் தமிழ்ப் பெண்ணுக்கு 2 வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். பிறகு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். தண்டனை அதிகம்தான். ஆனால் அந்தச் சுவரில் இன்று ஒரு புதுக் கீறல் விழுந்தால் அடியில் ஒரு பழைய பாட்டு போய்விடும். நம் நாட்டிலும் 1958ஆம் வருடத் தொல்சின்னச் சட்டத்தை 2010இல் திருத்தி, தண்டனையை 2 வருடச் சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் வரை உயர்த்தினார்கள்.

நவீன காலத்துக் கதையும் பெயரில்தான் ஆரம்பித்தது. நியூயார்க்கில் 'டாக்கி 183' என்று தன் செல்லப்பெயரையும் தெரு எண்ணையும் போகிற இடமெல்லாம் எழுதிய ஓர் இளைஞனைப் பற்றி 1971இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி போட்டது. அவனும் நம் கொற்றன் வகைதான்! ஆனால் பின்னால் வந்தவர்கள் பெயரிலிருந்து படத்துக்கு நகர்ந்தார்கள். அதே ஊரில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்ற கட்டடத்தில், உரிமையாளர் அனுமதியோடு வரைந்திருந்த ஓவியங்களை அவரே 2013இல் வெள்ளையடித்து மறைத்தார். நீதிமன்றம் 2018இல் 21 ஓவியர்களுக்கு 67 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. சுவரில் ஸ்ப்ரே அடித்ததும் கலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மைசூரு சாமராஜேந்திர காட்சிக்கலைக் கல்லூரியில் படித்த பாதல் நஞ்சுண்டசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் பெங்களூருச் சாலையில் தண்ணீர் தேங்கிய பெரிய பள்ளத்தில் ஒரு முதலைப் பொம்மையைக் கொண்டு வைத்தார். 2019இல் குண்டும் குழியுமான தெருவில் விண்வெளி வீரர் உடையில் ஒருவரை நடக்கவிட்டுச் சந்திரனில் நடப்பது போலப் படம் பிடித்தார். சிகிரியாக் கவிஞர்கள் ஓவியத்துக்குப் பதில் சொன்னார்கள், இவர் பள்ளத்துக்குப் பதில் சொன்னார். அவர் எதையும் கெடுக்கவில்லை. கெட்டுக் கிடந்ததை ஊருக்குக் காட்டினார்.

எனக்குப் பட்டது இவ்வளவுதான்: 'நான் இங்கே வந்தேன்' என்று மட்டும் சொல்வது கீறல். அந்த இடத்தைப் பார்த்து ஏதாவது சொன்னால் அது கலை ஆகலாம். ஏற்கனவே அங்கே இருந்த ஒருவன் குரலை அழித்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது குற்றம்.

பேரனிடம் இதைச் சுருக்கமாகத்தான் சொன்னேன். "நீ கீறப் போன இடத்துல ரன்னன் பேரு மாதிரி ஒண்ணு மங்கலா இருந்திருந்தா? கண்ணாடி அவங்க பெரியவங்கன்னு போடலடா. மறுபடி எழுத அவங்க வர முடியாது, அதனால போட்டிருக்கு. உனக்குத்தான் எழுத வேற இடம் இருக்கே." அவன் விடவில்லை. "எங்கே இருக்கு?" என்றான்.

நியாயமான கேள்வி. கொல்லைப்புறச் சுவரைக் காட்டி, கையில் கரித்துண்டைக் கொடுத்தேன். முதல் நாள் தன் பெயரை எழுதினான். மூன்றாம் நாள் சுவரில் இருந்த நீளமான விரிசலுக்குத் தலையும் காலும் போட்டுப் பல்லி ஆக்கியிருந்தான். இந்தப் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டேன்.