விருந்தும் ஒக்கலும்: மலாயாக் கரையில் புதியவரை எதிர்கொண்டோர்

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். அது ஆகுபெயராய்ப் புதியவராய் வந்தாரைக் குறித்துப் பின்னர் அவர்க்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. இல்வாழ்வான் பேண வேண்டியோரைச் சுட்டும் வள்ளுவர், விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியே வைக்கிறார். அக்குறளுக்கு உரை வகுக்கும் பரிமேலழகரோ, முன்னறிமுகம் பற்றி நாடி வந்தோர், அஃதின்றி வந்தோர் என விருந்தினரை இருவகைப்படுத்துவார். வகுப்பறையில் நாம் விரைந்து கடந்துவிடும் இப்பாகுபாடு, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கரையிறங்கிய தமிழரின் வரலாற்றை அறியப் பெரிதும் துணைபுரிகின்றது.

அரசின் வரவேற்பை முதலில் நோக்குவோம். 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் தண்டிய தொகையிலிருந்து தொழிலாளரின் கப்பற் செலவு ஈடுசெய்யப்பட்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம்கள் இருந்தன. கப்பல் பினாங்கை அடைந்ததும் தளத்தில் பயணம் செய்தோர் ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடை முகாமிற்குக் கொண்டு செல்லப்பட்டனர்; சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு அப்பணியைச் செய்தது. காலரா, அம்மை பற்றிய அச்சம் பொய்யன்று. எனினும், தனியறைப் பயணிகள் பெரும்பாலும் எளிதில் கரையேற, தளப் பயணிகளே தீவுக்கு அனுப்பப்பட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. நோயைவிட வகுப்பே அங்குப் பிரித்தறியப்பட்டது எனல் மிகையாகாது.

ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணி முறையே மேலோங்கியது. கங்காணி தம் ஊருக்கே சென்று, உறவினரையும் சாதியாரையும் ஊராரையும் திரட்டி வந்தார். புதிதாய் வந்தவனுக்கு லயத்தில் இடம் காட்டியவரும், முதல் மாதத்திற்கு அரிசி வாங்கித் தந்தவரும், துரையிடம் அவனுக்காகப் பேசியவரும் அவரே. இவ்வுதவியை வெறும் சூழ்ச்சி எனத் தள்ளிவிட இயலாது; மொழியறியா நாட்டில் தெரிந்த முகம் ஒன்று இருத்தல் எளிய பேறன்று. ஆனால் வேலைக்கு வரும் ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குத் தலைப்பணம் கிடைத்தது. முன்பணமோ கடனாய் நின்றது. சட்டப்படி கடனின்றி வந்திறங்கியவன், தன்னை வரவேற்றவருக்கே கடன்பட்டான். உபசரித்தவரிடமிருந்து விலகிச் செல்ல இயலாத நிலையை விருந்து எனல் பொருந்துமா?

1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது, அழைத்து வந்த அதே நிதியின் செலவிலேயே பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடைசெய்தது.

நகரத்தில் நிலைமை வேறு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், இருமருங்கும் கணக்குப் பெட்டிகள், பகலில் வட்டிக்கடை, இரவில் அதே இடத்தில் பாய். தொழிலில் போட்டியாளராய் இருந்தோர் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கினர். ஊரிலிருந்து வந்த பெட்டியடிப் பையன், வந்த அன்றே தனக்குரிய இடத்தையும் கற்க வேண்டிய கணக்கையும் பெற்றான். இத்துணை ஒழுங்குடைய வரவேற்பு அக்காலத்தில் அரிது. ஆயினும் அது ஒக்கலை ஓம்புதலே. அறிமுகமின்றி வந்த பிற தமிழனுக்கு அக்கூடத்தில் பாய் இல்லை. அக்கிட்டங்கிகள் 1970களின் பிற்பகுதியில் நகர மறுசீரமைப்பால் மறைந்தன.

ஒக்கலுக்கென எழுந்த ஒன்று விருந்துக்கும் வாயில் திறந்த சான்று இல்லாமலில்லை. தென்காசிப் பகுதியின் கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம்கள் சிங்கப்பூரில் தமக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தனர். ஓரூராரின் அச்சங்கம் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, பின்னர் உயர்நிலை வகுப்புகளையும் நடத்தியது. தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்குச் சிங்கப்பூரில் வேறு பள்ளி இல்லாமையால் பிற ஊர், பிற சமய மாணவரும் அங்கு வந்து பயின்றனர். 1982இல் பள்ளி மூடப்பட்டது. மறு ஆண்டு அப்பெயரிலேயே எழுந்த தமிழ்மொழி நிலையத்திற்கு, தம் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாத மாணவர்கள் தமிழ் பயில வருகின்றனர்.