குர்கானும் குருகிராமும் ஒன்றுதான். கணினிக்கு யார் சொல்வது? 'இணைக்கப்பட்ட தரவு' பற்றி எளிய விளக்கம்

அரசின் இரண்டு எக்செல் கோப்புகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். ஒன்றில் குர்கான், மற்றொன்றில் குருகிராம். 2016-ல் பெயர் மாறியது நமக்குத் தெரியும். கணினிக்கு இவை இரண்டு வேறு ஊர்கள்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?

பிலாஸ்பூர் மாவட்டம் சத்தீஸ்கரிலும் இருக்கு, இமாச்சலிலும் இருக்கு. மாநிலத்தைக் கவனிக்காமல் கோப்புகளைச் சேர்த்தால், ஒரு மாவட்டத்தின் மருத்துவமனைப் படுக்கைகள் இன்னொன்றின் மக்கள்தொகையோடு ஒட்டிக்கொள்ளும். கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் போகலாம். அந்தத் தவறான எண் செய்தியாகும், நிதி ஒதுக்கீட்டுக்கும் அடிப்படையாகலாம்.

இதற்குத் தீர்வு என்ன?

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006-ல் நான்கு விதிகளை எழுதினார். சாரம் இதுதான்: ஊரோ, ஆளோ, நிறுவனமோ, ஒவ்வொன்றுக்கும் தனி இணைய முகவரி கொடுங்கள். அதைத் திறந்தால் தகவல் கிடைக்கட்டும். அங்கிருந்து தொடர்புடைய மற்ற முகவரிகளுக்கு இணைப்பு இருக்கட்டும். 2012-ல் தொடங்கிய விக்கிடேட்டா நல்ல உதாரணம். மெட்ராஸ் என்று தேடினாலும் சென்னை என்று தேடினாலும் நகரத்தின் அடையாளம் ஒன்றே: கியூ1352.

இந்தியாவில் என்ன நிலை?

திறந்த தரவுக் கொள்கையும் அரசின் திறந்த தரவுத் தளமும் 2012-ல் வந்தன. பெர்னர்ஸ்-லீயின் 5 நட்சத்திர அளவுகோலில் எக்செல்லுக்கு 2, சிஎஸ்விக்கு 3. முகவரி தந்தால் 4, பிற தரவுகளோடு இணைத்தால் 5. நம் தளத்தில் சிஎஸ்வி கோப்புகளே அதிகம் கண்ணில் படும். ஆனால் இணைப்பதற்கான சாவி கையில் இருக்கு: மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்ஜிடி அடைவு, மாவட்டம் முதல் கிராமம் வரை தனிக் குறியீடு தருகிறது.

குறியீடு இருந்தால் போதுமா?

போதாது. 2014-ல் தெலங்கானா 10 மாவட்டங்களோடு உருவானது. 2019-ல் அது 33 ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அப்படியே புதிய மாவட்டங்களோடு ஒட்ட முடியாது. எது எதிலிருந்து, எந்தத் தேதியில் பிரிந்தது என்பதும் தரவில் இருக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* பெயருக்குப் பக்கத்தில் எல்ஜிடி குறியீட்டுக்கும் ஒரு பத்தி வையுங்கள்.
* குறியீடுகளை எண்ணாக அல்ல, எழுத்தாகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் எக்செல் 033-ஐ 33 ஆக்கிவிடும்.
* கோப்புகளைச் சேர்த்ததும், பொருந்தாமல் விடுபட்ட வரிசைகளை முதலில் எண்ணுங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.