ஒரு சொட்டு என்பது எவ்வளவு?

மருத்துவத்தில் சொட்டுதான் அளவாக இருந்த காலம் உண்டு. தைலமும் சாராயமும் ஒரே கனத்தில் சொட்டுவதில்லை. குப்பியின் வாய் மாறினாலும் சொட்டு மாறிவிடும். விஷச்சத்துள்ள மருந்தில் இந்த வித்தியாசம் ஆளையே கொன்றுவிடும். அதனால்தான் 1809-இல் லண்டன் மருந்துநூல் சொட்டுக்குப் பதிலாக ‘மினிம்’ என்ற நிலையான அளவைக் கொண்டுவந்தது. 1864-இல் தாமஸ் டேட், குழாய் முனை அகல அகலச் சொட்டின் எடையும் கூடும் என்று விதியாகவே வகுத்தார். பிற மருந்துகள் மெல்ல மெல்லத் துல்லிய அளவுக்கு நகர்ந்தன. கண் மட்டும் சொட்டிடமே மாட்டிக்கொண்டது.

கண்ணின் உள்ளழுத்தத்தோடு சேர்ந்து பார்வை நரம்பை அரிக்கும் கிளாக்கோமாவுக்கு அறுவைதான் வழி என்றிருந்தபோது, 1876-இல் லுட்விக் லாக்குவர் ஒரு சொட்டு மருந்தைப் பரிந்துரைத்தார். அவருக்கே அந்த நோய் இருந்தது. மருந்து வந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து. குற்றம் செய்தவரா இல்லையா என்று சோதிக்க ஊட்டப்பட்ட நச்சு விதை அது. அடுத்த ஆண்டே பைலோகார்பின் வந்தது. 1978-இல் அமெரிக்காவில் டிமோலால் அனுமதி பெற்றது. மருந்துகள் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால் சொட்டின் அளவைத் தீர்மானித்தது கண் இல்லை, பாட்டிலின் மூக்கு.

கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். இமைக்காமல் இருந்தால் கண் அதிகபட்சம் 30 வரை தாங்கும். கடையில் வாங்கும் பாட்டிலிலிருந்து விழும் சொட்டோ 25 முதல் 70 வரை போகும். மிச்சம் கன்னத்தில் வழியும், அல்லது கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கும். அங்கிருந்து கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கும். டிமோலால் இப்படிக் கலந்தால் நாடித்துடிப்பு குறையும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இறுகும். உயிரிழப்புகளும் பதிவாகியிருக்கின்றன.

வழிந்து போவது காசும்தான். 2.5 மில்லி பாட்டில் ஒன்று. இரண்டு கண்ணுக்கும் தினம் ஒரு சொட்டு என்றால் மாதத்துக்கு 60 சொட்டு வேண்டும். ஒரு சொட்டு 40 மைக்ரோலிட்டர் என்றால் 62 கிடைக்கும், தப்பித்தோம். 50 என்றால்? ஐம்பதுதான். இருபத்தைந்தாம் நாளே பாட்டில் காலி. கை நடுங்கிக் குறி தவறிய சொட்டெல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. ‘ஒண்ணாம் தேதி வாங்கிக்கலாம்’ என்று மீதி நாளை ஓட்டுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் இந்த நோயில் வலி கிடையாது. மருந்தை விட்டாலும் மறுநாள் ஒண்ணும் தெரியாது. ஆனால் போன பார்வை திரும்பாது.

சரி, சின்னச் சொட்டா விட்டா வேலை செய்யாதா? செய்யும். 1990களின் தொடக்கத்தில், பெரிய கண் மருந்து நிறுவனமான ஆல்கானின் ஆய்வாளர்களே 16 மைக்ரோலிட்டர் சொட்டைச் சோதித்தார்கள். அழுத்தத்தைக் குறைக்க அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தப் பாட்டில் கடைக்கு வரவில்லை.

பிறகு விஷயம் நீதிமன்றம் போனது. 2017 மார்ச்சில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் நோயாளிகளின் வழக்கைத் தள்ளினார். இதைவிட நல்ல பொருளைச் செய்து தரவில்லையே என்ற ஏமாற்றம் வழக்காகாது என்பது அவர் வாதத்தின் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு மேல்முறையீட்டு அமர்வு, வீணாகும் மருந்துக்குக் கொடுத்த காசும் இழப்புதான், வழக்குப் போட உரிமை உண்டு என்றது. ஒரே சொட்டு, இரண்டு தீர்ப்பு.

தீர்ப்பு எப்படி வந்தாலும் இன்றிரவு மருந்து விட்டாக வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு சொட்டே போதும். இரண்டாவது சொட்டு வழியத்தான் செய்யும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்குக்குள் இறங்குவது குறையும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். பாட்டில் முன்கூட்டியே தீர்ந்துபோனால் அதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். ‘அம்மா சரியா ஊத்தத் தெரியாம வீணாக்குறாங்க’ என்று வீட்டில் யாராவது சலித்துக்கொண்டால், அம்மா கையை மட்டும் பார்க்காதீர்கள். பாட்டிலின் மூக்கையும் ஒருமுறை பாருங்கள்.