ஞாயிற்றுக்கிழமை இசையமைப்பாளர்: அலெக்சாந்தர் பொரோதின்

1879ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரத்து வேதியியல் பேராசிரியர் ஒருவரின் குடியிருப்பில், துணி உலர்த்துவதைப் போலக் கயிறுகளில் இசைத்தாள்கள் தொங்கின. பென்சில் எழுத்து அழிந்துவிடாதிருக்க அவர் அவற்றின்மீது ஜெலட்டின் கரைசலைப் பூசியிருந்தார். ‘இளவரசர் ஈகர்’ இசைநாடகத்தின் பொலோவ்ட்சிய நடனங்கள் அரங்கேற்றத்திற்கு ஆயத்தமான விதம் அது. ரிம்ஸ்கி-கோர்சகோவும் லியாதொவும் உடனிருந்து, எந்தப் பகுதியை எந்தக் கருவி வாசிப்பது என்று வகுத்தெழுதுவதில் கைகொடுத்தனர். பேராசிரியருக்கு நேரம் இருக்கவில்லை.

அலெக்சாந்தர் பொரோதின் 1833இல், ஜார்ஜிய வழிவந்த பிரபு ஒருவருக்கு மணவுறவின்றிப் பிறந்தவர். பதிவேட்டில் அவருடைய பண்ணையடிமை ஒருவரின் மகனாகக் குறிக்கப்பட்டவர். ரஷ்யத் தேசிய இசையின் தூண்களுள் ஒருவர் என்று பின்னாளில் போற்றப்பட்டவரின் பிறப்பு இத்தகையது. மருத்துவ-அறுவை அகாதமியில் சினினிடம் வேதியியல் பயின்று, ஹைடல்பெர்க் சென்று, 1860இல் கார்ல்ஸ்ரூஹே மாநாட்டில் மெண்டலீவுடன் கலந்துகொண்டார். 1862இல் நாடு திரும்பியபின் பலாகிரெவைச் சந்தித்தார். ரஷ்ய இசை ஜெர்மானியப் பள்ளிமுறையின் நிழலில் வளரலாகாது என்று வாதிட்ட ‘வல்லமைமிக்க ஐவர்’ குழுவில் அவ்வாறு இணைந்தார்.

ஆய்வகத்தில் அவர் கண்டவை சிறியன அல்ல. கரிம அமிலங்களின் வெள்ளி உப்புகள் புரோமினுடன் வினைபுரிவதை 1861இல் விளக்கினார். பாடநூல்களோ அவ்வினையை இருபதாம் நூற்றாண்டின் ஹுன்ஸ்டீக்கர் தம்பதியின் பெயராலேயே பெரிதும் அறிகின்றன. ஆல்டால் வினையை 1872இல் அறிவித்தார்; அதே ஆண்டில் பாரிசில் வுர்ட்சும் அறிவித்தமையால் புகழ் பெரும்பாலும் அவரைச் சேர்ந்தது.

அவரது நேரத்தை விழுங்கியது ஆய்வு மட்டுமன்று. பெண்களுக்கு மருத்துவக் கல்வி அளிக்கும் வகுப்புகள் 1872இல் தொடங்கியபோது அவற்றின் முன்னணி ஆதரவாளராக நின்று, அங்கே வேதியியலும் கற்பித்தார். வீட்டிலோ உறவினர் கூட்டம். உணவுமேசைமீது உலவும் பூனைகள். உரையாடலின் நடுவே எழுந்து, அடுத்திருந்த ஆய்வகத்திற்கு ஓடி உலையைப் பார்த்து வருவார் என்று ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் நினைவுக்குறிப்பில் சலிப்போடு பதிவுசெய்துள்ளார். நண்பரின் சலிப்பு நியாயமானதே. எனினும் பொரோதின் எதையும் பின்வாங்கிக்கொள்ளவில்லை. நோயுற்றுப் படுத்திருக்கும்போதுதான் இசையெழுத முடிகிறது என்பதால், இசை நண்பர்கள் தமக்கு நலத்திற்குப் பதில் நோயையே வாழ்த்துகின்றனர் என்று அவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

விளைவு ‘ஈகரில்’ தெரிகிறது. 1185ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பாடும் இக்கதையை ஸ்தாசவ் 1869இல் பரிந்துரைத்தார். பதினெட்டு ஆண்டுகள் கழிந்தும் அது முடியவில்லை. ரஷ்யரின் வீரத்தைச் சொல்ல எழுந்த படைப்பில் உலகம் நினைவில் கொண்டது எதிரிகளான புல்வெளி மக்களின் நடனத்தையே என்பது, அத்தேசியத்தின் தன்மையைக் குறித்து இன்னும் ஆராயத்தக்க செய்தி.

1887 பிப்ரவரியில் மாறுவேட விருந்து ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் சரிந்து இறந்தார். ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் குறைகளை நிரப்பினர். எழுதப்படாதிருந்த முன்னிசையை, அவர் பியானோவில் வாசிக்கக் கேட்ட நினைவைக் கொண்டே கிளாசுனோவ் எழுதினார். நாடகம் 1890இல் மரீன்ஸ்கி அரங்கில் ஏறியது.